மூடாத பூவும் முந்திய பெயரும்

அன்புள்ள தம்பிக்கு,

மணப்பாறையில் உன் வீட்டு மொட்டை மாடியில் இராமநாதபுரம் முண்டு மிளகாயைத் தாயாகவும் வடகிழக்கின் பூத் ஜலோக்கியா மிளகாயைத் தந்தையாகவும் வைத்துக் கலப்புச் செய்ததைப் பற்றி நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். தொட்டி மண், உரம், இலைச்சுருட்டை எல்லாம் நீ அறிந்ததுதான், அதற்குள் நான் போகவில்லை. எனக்கு எரிச்சல் மூட்டியது ‘மணப்பாறை மின்னல்’. பத்திக்குப் பத்தி அந்தப் பெயர்தான். முதல் தலைமுறைச் செடிக்குப் போய் யாராவது பெயர் வைப்பார்களா?

முதல் தலைமுறையில் எல்லாச் செடியும் ஒன்றுபோல நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதன் விதையைப் போட்டுப் பார், ஒன்று உருண்டையாகக் காய்க்கும், ஒன்று கூம்பிப் போகும், ஒன்று காரம் கொல்லும், இன்னொன்று பூவோடு நின்றுவிடும். அதில் நல்லதைப் பொறுக்கி, மறுபடி விதைத்து, மறுபடி கழித்து, ஆறேழு தலைமுறை போன பிறகுதான் விதைத்ததே விளையும் என்ற உறுதி வரும். வடகிழக்கு மிளகாயையும் தென் மாவட்ட மிளகாயையும் சேர்க்கும் யோசனை உனக்கு முன்பே கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்துவிட்டது. பி 70 ஏ என்ற அசாம் வகையைச் சாத்தூர் சம்பாவோடு கலந்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து, கடைசியில் அவர்கள் வைத்த பெயர் கே 2. அவ்வளவுதான். அமெரிக்காவில் எட் கர்ரி என்பவர் பெப்பர் எக்ஸ் என்ற மிளகாயைப் பத்தாண்டுக் காலம் வளர்த்தெடுத்த பிறகே 2023இல் அது மிகக் காரமான மிளகாயாகக் கின்னஸ் ஏட்டில் ஏறியது. உன் மின்னலுக்கு வயது ஒரு பருவம்.

இரண்டாவது எரிச்சல் இதைவிடப் பெரியது. இரண்டாம் தலைமுறை நாற்றுகளில் ஒன்று தண்டு, இலை எல்லாம் கருஊதாவாக வந்ததாம், ‘இயற்கையின் விந்தை’ என்று எழுதியிருக்கிறாய். முண்டுவிலும் ஊதா கிடையாது, நீ வைத்திருக்கும் சிவப்பு ஜலோக்கியாவிலும் கிடையாது. ஆனால் நீ போட்டிருக்கும் படத்தின் இடது ஓரத்தில் அழகுக்கு வளர்க்கும் ஊதா மிளகாய்த் தொட்டி ஒன்று தெரிகிறதே, அது என்ன? அந்த ஊதா ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே பிள்ளையில் தலைகாட்டும் குணம். வந்தவன் யாரென்று இலையே சொல்லிவிட்டது. உன் மாடிக்குக் கொசுத்தேனீ வருவதைப் பற்றி நீயே பூரித்து எழுதியிருக்கிறாய்!

‘மிளகாய் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் பயிர்தானே’ என்பாய். பெரும்பாலும் சரி. ஆனால் அயல் மகரந்தம் சேரும் அளவு இடத்துக்கு இடம் மாறும். சில இடத்தில் நூற்றுக்குச் சில, சில இடத்தில் பாதிக்கு மேலே. உன் செடியிலோ அந்த ஆபத்து இன்னும் அதிகம். முண்டு வேறு சிற்றினம், ஜலோக்கியா வேறு சிற்றினம். இவை சேர்ந்து பிறந்த பிள்ளைக்கு மகரந்தத்தில் பெரும்பகுதி செத்துக் கிடக்கும். பூ கொத்துக் கொத்தாக வந்தும் காய் பிடிக்கவில்லை என்று வெயிலைத் திட்டியிருக்கிறாய். சித்திரை வெயிலில் பூ உதிர்வது உண்மைதான், ஆனால் பாதிப் பழி மகரந்தத்துக்குச் சேர வேண்டும். சொந்த மகரந்தம் நொண்டியாக இருக்கும் பூவில், தேனீ கொண்டுவந்து தடவுகிற அந்நிய மகரந்தம்தான் முந்தும். ஆகவே நீ இரண்டாம் தலைமுறை என்று வளர்ப்பதில் எத்தனை செடி உன்னுடையது என்று உனக்கே தெரியாது. மொட்டாக இருக்கும்போதே மெல்லிய வலைப்பை கட்டி, காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டுக் காம்பில் நூல் கட்டியிருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

கலப்பு விவரம் எழுதிச் செடியில் நீ கட்டிய அட்டையும் மோசம். படத்தை உருப்பெருக்கிப் பார்த்தேன், பேனா எழுத்து மழையில் கரைந்து நீலத் திட்டாகிவிட்டது. எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பண்ணையில் களப் பணியாளராக இருந்தார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். சட்டைப் பையில் எப்போதும் குட்டைப் பென்சில் ஒன்று இருக்கும். பேனாவோடு பாத்திக்குள் யார் வந்தாலும், பெரிய அதிகாரியே ஆனாலும், பிடுங்கி வைத்துக்கொள்வார். தாய் முதலில், தந்தை அடுத்து, பிறகு தேதி. மாற்றி எழுதினால் அன்றைக்கு டீ கிடையாது. பென்சில் மழைக்கும் வெயிலுக்கும் அசையாது.

சரி, இப்போது என் பழைய பாட்டு. எதற்கு இவ்வளவு காரம்? 1912இல் ஸ்கோவில் என்பவர் மிளகாயின் காரத்தைச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்து நாக்கை வைத்து அளந்தார், இப்போது கருவி வந்துவிட்டது. 2007இல் ஜலோக்கியா பத்து லட்சம் ஸ்கோவில் அலகைத் தாண்டிக் கின்னஸில் ஏறியது. பெப்பர் எக்ஸ் 26,93,000. இதை வைத்துக்கொண்டு மணப்பாறையில் எந்த வீட்டில் என்ன சமைப்பார்கள்? நீயும் ‘கண்ணில் தண்ணீர் கொட்டியது’ என்பதைத் தவிர ருசியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. தோல் எப்படி? வற்றல் போட்டால் நிறம் நிற்கிறதா? எண்ணெயில் என்ன வாசம்?

மோர் மிளகாய்க்கென்று ஒரு மிளகாயை வீட்டில் உருவாக்கும் ஆள் யாராவது இருந்தால் சொல், வந்து பார்க்கிறேன். என் பெரியம்மா கோடையில் தஞ்சாவூர்க் குடமிளகாய் வாங்கி, காம்பு போகாமல் கீறி, உப்புப் போட்ட தயிரில் ஊறவைப்பார். பகலில் பாயில் காயும், சாயங்காலம் மறுபடி அதே தயிருக்குள் போகும். தயிர் முழுக்க மிளகாய்க்குள் இறங்கும்வரை இந்த நடை ஓயாது. பாய் விரித்த மாடிக்குப் பிள்ளைகள் போகக் கூடாது, காக்காய் விரட்ட மட்டும் போகலாம். தோல் தடித்திருந்தால் உள்ளே காயாமல் பூசணம் பிடிக்கும். மெல்லிசாக இருந்தால் சட்டியில் போட்ட நொடியில் கருகும். காம்பு கழன்றால் தயிர் ஒழுகிப் போகும். வாங்கி வந்ததில் பாதியைக் குறை சொல்லி ஒதுக்கிவிட்டுத்தான் கீறவே உட்காருவார். செடி தேர்வு செய்கிறவனுக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. குடமிளகாயையும் முண்டுவையும் கலந்து, பெரியம்மா ஒதுக்கிய காரணங்களை வைத்தே செடிகளைக் கழித்துக்கொண்டு போனால் என்ன வரும்? எனக்கு அந்த ஆசை ரொம்ப நாளாக இருக்கிறது. இரண்டும் ஒரே சிற்றினம் என்பதால் மகரந்தத் தொல்லையும் இல்லை. அப்படிக் கழிக்கும்போது ருசி பார்க்க ஒரு வழி உண்டு: காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டில்தான் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுச் சதையை மட்டும் கடித்துப் பார்த்தால் ருசி தெரியும்.

இவ்வளவும் திட்டியது, ஆண்நீக்கம், அதாவது தாய்ப் பூ விரியுமுன்பே அதன் மகரந்தப்பைகளை அகற்றுவது பற்றி நீ எழுதிய அந்த ஒரு பத்திக்காக. மறுநாள் காலை விரியப்போகும் மொட்டை முந்தின சாயங்காலமே கண்டுபிடிப்பது, இதழ் வெளுத்து உப்பியும் உள்ளே மகரந்தப்பை நீலம் மாறாமல் மூடியே இருப்பது, ஊசிமுனை சூல்முடியில் பட்டால் அந்தப் பூ வீண் என்பது, செடி வாடாமலிருக்க ஈரச் சாக்கை வெயில் பக்கம் தொங்கவிட்டது. இதை இவ்வளவு துல்லியமாகத் தமிழில் யாரும் எழுதி நான் படித்ததில்லை. பாடப் புத்தகத்தில்கூட இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. உன் கை நல்ல கை, தம்பி.

அதனால் சொல்கிறேன். இருக்கும் இரண்டாம் தலைமுறைச் செடிகளைச் சமையலுக்கு விட்டுவிடு, அவற்றிலிருந்து விதை எடுக்காதே. முதல் கலப்பு விதை மிச்சமிருந்தால் ஐப்பசியில் மழை படாத இடத்தில் நாற்று விடு. தை, மாசியில் பூ வரும்போது காலையில் முண்டுவின் மகரந்தத்தையே அதற்கு வை. காரம் கொஞ்சம் இறங்கும், ஆனால் காய் பிடிக்கும். ஊதாத் தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடு. விதை கூடுதலாக இருந்தால் எனக்கும் ஒரு பொட்டலம் அனுப்பு, புரட்டாசி முடிவதற்குள் வந்தால் நல்லது.

அன்புடன்,
உன் மிளகாய்ப் பெரியப்பா