மிதிவண்டிக்கும் தலைக்கவசம் வேண்டுமா?



பிளஸ் ஒன் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி பெற்ற அன்று எங்கள் மகிழ்ச்சிக்கு அளவேயில்லை. 2001-2002இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கப்பட்டு, 2005-2006 முதல் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிவாக்கப்பட்ட திட்டம் அது. மணி அடிக்கிறதா, பூட்டு பூட்டுகிறதா என்றெல்லாம் பார்த்துக்கொண்டோம். தலையைப் பற்றி ஒருத்தியும் நினைக்கவில்லை. இரண்டாம் வாரத்தில் எங்களுள் ஒருத்தி கடலோரச் சாலையில் மணல் சறுக்கி விழுந்து, நெற்றியில் நான்கு தையலோடு வகுப்புக்கு வந்தாள். "மெதுவாகத்தானேடி வந்தேன்!" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்தச் சொல்லை வைத்தே எங்கள் இயற்பியல் ஆசிரியை கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். சைக்கிளில் அமர்ந்திருக்கும் நம் தலை தரையிலிருந்து ஏறத்தாழ 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வுயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு 19 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தை அடைந்துவிடும். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் இதே வேகந்தான்! தார்ச்சாலை நமக்காக அமுங்காது. 3 மில்லிமீட்டருக்குள் தலை நின்றுவிட்டால், அதன் எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 500 மடங்கு. இடையில் ஒரு பொருள் 15 மில்லிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால் அது 100 மடங்காகக் குறையும்.

அந்த நசுங்கும் பொருள்தான் தலைக்கவசத்தின் உயிர். மேலோடு அன்று, உள்ளே இருக்கும் நுரைதான் முக்கியம். காசிமேட்டில் ஐஸ் போட்டு மீன் அடுக்கும் வெள்ளைப் பெட்டியை அறியாதார் யார்? அதே தெர்மாகோல் இனந்தான், இன்னும் கெட்டியானது. ஒருமுறை நசுங்கினால் மீண்டும் எழும்பாது. ஆகவே பலமாக அடிபட்ட கவசத்தை, வெளியே நன்றாயிருந்தாலும், மாற்றிவிட வேண்டும்.

எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை டிரெய்லர் லாரி ஓட்டுநர். அவரிடம் இதைப் பெருமையோடு சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "கன்டெய்னர் லாரிக்கு முன்னால் இந்தத் தெர்மாகோல் என்னம்மா செய்யும்?" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. கவசத்தை ஏறக்குறைய நாம் கணக்கிட்ட வேகத்தில் விழச்செய்துதான் சோதிக்கிறார்கள்; லாரிச் சக்கரத்துக்கென்று சோதிப்பதில்லை. 40 அடிக் கன்டெய்னரைச் சுமந்த வண்டி இடப்பக்கம் திரும்பும்போது, பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் வழியே வாரா. உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். அந்த மூலையில் நிற்கும் சைக்கிள் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. "என் வண்டிக் கண்ணாடியில் என் முகம் உனக்குத் தெரியாவிட்டால், உன்னையும் எனக்குத் தெரியாது" என்றார். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் துறைமுக லாரிகளோடு சாலையைப் பங்குபோடும் நாங்கள் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

அப்படியானால் கவசம் வீணா? இல்லையென்பதே எங்கள் முடிவு. லாரியிடமிருந்து காப்பது விலகி நிற்பது. விழும்போது காப்பது கவசம். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 40 ஆய்வுகளைத் தொகுத்து, விபத்தில் சிக்கிய 64,000க்கு மேற்பட்ட சைக்கிளோட்டிகளைக் கணக்கெடுத்தனர். கவசம் அணிந்தவர்களுக்குக் கடுமையான தலைக்காய வாய்ப்பு ஏறத்தாழ 69 விழுக்காடு குறைவாயிருந்தது. அந்நாட்டு விக்டோரியா மாநிலம் 1990 ஜூலை 1 முதல் அதைச் சட்டமாக்கியது. அதனால் சிலர் சைக்கிளையே விட்டுவிட்டனர் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. நெதர்லாந்தில் பெரும்பாலோர் வெறுந்தலையோடு ஓட்டுகிறார்கள். ஆனால் அங்கே சைக்கிளுக்குத் தனிப்பாதை உண்டு. அதைச் சொல்லாமல் அவர்களை உதாரணம் காட்டுவது நியாயமன்று.

நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் சைக்கிளுக்குத்தான் கவசம் கேட்கிறது. சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2015 ஜூலை 1 முதல் பின்னால் அமர்பவரும் அணிய வேண்டும் என்றாயிற்று. (பெற்றோர் மன்னிக்க: பெட்ரோல் டேங்கின்மேல் சொகுசாகப் பயணம் செய்யும் கவசங்களை நாங்கள் தினமும் காண்கிறோம்.) சைக்கிளோட்டியை எந்தக் காவலரும் நிறுத்திக் கேட்கப்போவதில்லை.

வாங்குவோருக்குச் சில குறிப்புகள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளிதான் இருக்கவேண்டும். பின்னுக்குத் தள்ளி அணிந்தால் நெற்றி திறந்து கிடக்கும். தாடை வாருக்குள் ஒரு விரல் நுழைந்தால் போதும். இரட்டைச் சடை தடையே இல்லை, உச்சியில் தூக்கிக் கட்டிய கொண்டைதான் கவசத்தைத் தூக்கிவிடும். எண்ணெய் வாடைக்கு உள்பட்டையைக் கழற்றித் துவைக்கலாம். அப்பா துறைமுகத்தில் அணியும் மஞ்சள் தொப்பி இதற்கு உதவாது. அது மேலிருந்து விழும் பொருளைத் தடுக்கச் செய்தது; நாம் விழுமுன்பே அது கழன்று ஓடிவிடும்.

இப்போது எங்கள் வகுப்பில் ஏழு பேர் அணிகிறோம். தையல் போட்ட தோழியும் அவர்களுள் ஒருத்தி. "தலையில் தர்பூசணி" என்று அவள் தம்பி கேலி செய்கிறான். அவனுக்கும் ஒன்று வாங்க, அவள் அம்மா சீட்டுப் பணத்துக்குக் காத்திருக்கிறார்கள்.