மாமா அனுப்பும் பணம்: கையிலா, கணக்கிலா?

ஜூன் மாதம் வந்தால் மும்பை பாண்டுப் டெம்பிபாடாவில் என் வீட்டு வாசலில் செருப்புகள் கூடிவிடும். பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகள், கூடவே அப்பாவோ அம்மாவோ. நாற்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்ந்தவன் நான்; மாலையில் காமர்ஸ் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறேன். எந்தக் கோர்ஸ் எடுக்கலாம் என்று கேட்கத்தான் வருவார்கள். ஐந்தாவது நிமிஷத்தில் பேச்சு பணத்துக்குத் தாவிவிடும். துபாயிலோ பஹ்ரைனிலோ இருக்கும் மாமா ஃபீஸுக்கு ஆறு லட்சம் தருகிறேன் என்கிறார், எப்படி வாங்குவது?

போன வருஷம் ஒரு பெண்ணின் அப்பா கேட்க வரவில்லை, முடிவோடு வந்தார். "கணக்குல போட்டா டாக்ஸ்காரன் முப்பது பெர்சென்ட் புடிச்சிருவான் சார். எங்க சால்ல எல்லாரும் கையிலதான் வாங்குறாங்க." மகள் ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்பா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

வழிகள் தெரிந்தவைதான். மாமா தன் கணக்கிலிருந்து நேராக அனுப்பலாம். அவருக்கு இங்கே என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியர்) கணக்கு இருந்தால் இன்னும் சுலபம், ரூபாயாகவே மாற்றிவிடலாம். வெஸ்டர்ன் யூனியன் மாதிரி கடைகளில் ஒரு தடவைக்கு 2,500 டாலர்தான், ரொக்கமாகத் தருவது 50,000 ரூபாய் வரைதான். கல்லூரி ஃபீஸுக்கு அது காணாது. மிச்சமிருப்பது கையில் வாங்குவது. ஊரில் உண்டியல் என்பார்கள், மும்பையில் ஹவாலா.

அந்த அப்பா பயந்த வரி எது என்று முதலில் பார்ப்போம். கொடைவரி என்று ஒன்று 1958 முதல் இருந்தது. அதையும் கொடுத்தவர்தான் கட்டினார். 1998 அக்டோபர் 1 முதல் அதுவும் இல்லை. 2004 செப்டம்பரில் வாங்குபவர் பக்கம் ஒரு விதி வந்தது. இன்றைய நிலவரப்படி, உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருஷத்தில் வாங்கிய பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் அது வருமானம். தாண்டிய பகுதிக்கு மட்டும் வரி என்று நினைக்காதீர்கள். 51,000 வாங்கினால் 51,000மும் கணக்கில் சேரும். உறவினர் தந்தால் ஆறு லட்சமானாலும் அறுபது லட்சமானாலும் வரி கிடையாது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடப்புக்கு வந்து பிரிவு எண்கள் மாறினாலும் இந்த விதி போகவில்லை.

சிக்கல் 'உறவினர்' என்ற சொல்லில் இருக்கிறது. நமக்கு எல்லாரும் மாமாதான். அம்மாவின் கூடப்பிறந்தவர், அத்தையின் கணவர், மாமனார், மேல்வீட்டுக்காரர் எல்லாருக்கும் ஒரே சொல். சட்டத்துக்கு முதல் மூன்று பேர் உறவு, நாலாமவர் அந்நியர். அம்மாவின் சித்தி மகனும் மாமாதான், ஆனால் சட்டப்படி உறவில்லை. பெரியப்பா தந்தால் வரி இல்லை; பெரியப்பா மகன், அண்ணா என்று கூப்பிட்டு வளர்ந்தவர், தந்தால் வரி உண்டு. இன்னொரு வேடிக்கை: மாமா மருமகனுக்குக் கொடுத்தால் வரியில்லை, அதே மருமகன் சம்பாதித்து மாமாவுக்குத் திருப்பிச் செய்தால் மாமாவுக்கு வரி. வாங்குபவர் பக்கமிருந்துதான் உறவை எண்ணுகிறார்கள், அந்தப் பட்டியலில் அக்கா மகன் இல்லை. கல்யாணத்தில் மணமக்களுக்கு யார் மொய் வைத்தாலும் விலக்கு உண்டு. சடங்கு வீட்டுக்கும் பால்காய்ச்சுக்கும் இல்லை.

ஆக, அந்த அப்பா பயந்த முப்பது சதவீதம் அவருடைய மச்சான், அதாவது மகளின் தாய்மாமா, தரும் பணத்துக்குக் கிடையவே கிடையாது. இல்லாத வரிக்குத் தப்பி அவர் போய் விழவிருந்த இடம் வேறு. 2017 ஏப்ரல் 1 முதல் ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. மாமாவானாலும் சரி, பெற்ற தகப்பனானாலும் சரி. வாங்கினால் வாங்கியவ்வளவும் அபராதம்: ஆறு லட்சத்துக்கு ஆறு லட்சம். "மூணு நாளா ரெண்டு ரெண்டுக்குக் கம்மியா வாங்கிக்கிடுவோம்" என்பார்கள். ஒரே காரியத்துக்காக ஒரே ஆளிடம் வாங்குவதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்று சட்டம் எழுதியவன் நம்மை நன்றாகத் தெரிந்துதான் எழுதியிருக்கிறான்.

அந்த ரொக்கம் உண்டியலில் வந்தால் ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். வெளிநாட்டில் இருப்பவர் சார்பாக வரும் பணத்தை உரிமம் பெற்றவர் மூலம் அல்லாமல் வாங்கினால் தொகையின் மூன்று மடங்கு வரை தண்டம். மாமாவே விமானத்தில் நோட்டாகக் கொண்டுவந்தால் 5,000 டாலருக்கு மேல் சுங்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்துக் கொண்டுவந்தாலும், மாற்றிய ரூபாயை நம் கையில் வைக்கும்போது அந்த 2 லட்ச வரம்பு காத்திருக்கும்.

எனக்கு இதில் சொந்தக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. 1996ல் கோலி (ஒற்றை அறை வீடு) வாங்க அத்தான் குவைத்திலிருந்து இரண்டு தவணையாக உண்டியலில் பணம் அனுப்பினார். ஒரு பத்து ரூபாய் நோட்டின் எண்ணைப் போனில் சொல்வார்கள். அதே நோட்டை நாம் காட்டினால் ஆள் பணத்தைத் தருவான். முதல் தவணை சொன்ன நேரத்துக்கு வந்தது. வங்கியில் ஃபாரம் நிரப்புகிறவர்களைப் பார்த்துச் சிரித்தேன். இரண்டாம் தவணைக்கு அந்த ஆள் வரவேயில்லை. அது ஃபெமாவுக்கு முந்தைய ஃபெரா சட்டத்தின் காலம். எந்த ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுப்பது? நோட்டு இன்னும் என் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. அதனால் ரொக்கம் என்று யாராவது சொன்னாலே எனக்குக் குரல் ஏறிவிடும். கழித்துக்கொண்டு கேளுங்கள்.

வங்கி வழியில் வேலை கொஞ்சம் உண்டு. "அன்பின் பேரில் தருகிறேன், திருப்பிக் கேட்கமாட்டேன்" என்று மாமா கையெழுத்திட்ட ஒரு கடிதம். பணம் வந்ததற்கான வங்கிச் சான்று. உறவுக்கு ஆதாரம். கடைசியானதுதான் மும்பைத் தமிழருக்குத் தலைவலி. ஊரில் இனிஷியலாக இருந்த அப்பா பெயர் இங்கே சர்நேமாகிவிடும். கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவுக்குக் கணவர் பெயர் வந்துவிடும். மாமாவின் பாஸ்போர்ட்டையும் அம்மாவின் ஆதாரையும் பக்கத்தில் வைத்தால் அக்கா தம்பி என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. அம்மாவின் பள்ளிச் சான்றிதழில்தான் தாத்தா பெயர் இருக்கும்.

யார் கணக்கில் போடுவது? அப்பாவுக்கு மனைவியின் தம்பி, மகளுக்கு அம்மாவின் தம்பி, இரண்டும் உறவுதான். பதினெட்டு முடிந்திருந்தால் பிள்ளையின் கணக்கே மேல் என்பேன். கொடைக்கு வரி இல்லையே தவிர, அது ஈட்டும் வட்டிக்கு உண்டு. பிள்ளைக்கு வேறு வருமானம் இருக்காது. மைனர் என்றால் அந்த வட்டி பெற்றோர் வருமானத்தோடு சேர்ந்துவிடும்.

பிள்ளைகளிடம் ஒன்று சொல்வதுண்டு. மாமா பணம் வருகிறது என்பதற்காக விலை கூடிய கோர்ஸைப் பிடிக்காதே. பக்கத்து வீட்டுப் பையன் ஏஐ படிக்கிறான் என்பது உனக்குக் கணக்கு வரும் என்பதற்குச் சாட்சியல்ல. உனக்கு எதில் மணிக்கணக்காக உட்கார முடிகிறதோ அதைப் பார். ஒரு வருஷம் தள்ளிப்போனால் குடி முழுகாது. அப்பாக்கள் இதை ரசிப்பதில்லை, டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

அந்தப் பெண்ணின் மாமா மூன்றாம் நாளே வங்கியில் அனுப்பிவிட்டார். அம்மாவின் பள்ளிச் சான்றிதழ்தான் நாசரேத்திலிருந்து வர இருபது நாள் ஆயிற்று. அதுவரை தினமும் காலையில் அவள் அப்பா போன் போட்டு, "நோட்டீஸ் ஏதும் வந்துருமா சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.