தோழியோடு அந்தமான்: திரும்பும் நாளுக்கு முந்தைய இரவு எங்கே?

கேள்வி: நானும் என் தோழியும் மும்பை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். நான் கோவண்டி, அவள் சீத்தா கேம்ப். இருவருமே கடல் தாண்டி எங்கும் போனதில்லை. தீபாவளி போனஸ் வந்ததும் பத்து நாள் லீவு போட்டு அந்தமான் போகலாம் என்றிருக்கிறோம். கப்பலில் போனால் செலவு குறையும் என்கிறார்களே, சரியா? எனக்கு நீந்தத் தெரியாது. அவளுக்கோ ஸ்கூபா டைவிங் செய்தே ஆகவேண்டும். அவள் சம்பளமும் என்னுடையதைவிட அதிகம். கேட்வே படகு விபத்துக்குப் பிறகு அம்மா தண்ணீர் என்றாலே பயப்படுகிறார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
- வாசகி, கோவண்டி

பதில்: கட்டாயம் போய் வாருங்கள். ஆனால் தீபாவளியை ஒட்டி வேண்டாம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் உருவாகும் காலம். 2016 டிசம்பரில் சென்னையைத் தாக்கிய வர்தா புயல், அதற்குச் சில நாள் முன்பு அந்தமான் பக்கம் மழையும் காற்றுமாக நின்றது. ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படையும் கடலோரக் காவல் படையும் போய்த்தான் அவர்களை மீட்டன. போனஸை வங்கியில் போட்டுவையுங்கள். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச்சுக்குள் ஒரு தேதி பாருங்கள். கடல் அமைதியாக இருக்கும், தண்ணீரும் தெளிந்திருக்கும்.

சென்னையிலிருந்து கப்பல் உண்டு, பங்க் வகுப்பில் கட்டணமும் குறைவுதான். ஆனால் போய்ச்சேர ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். தினமும் புறப்படுவதுமில்லை. மும்பையிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஒரு நாள், அங்கிருந்து கப்பலில் மூன்று நாள், திரும்ப அதே கணக்கு என்றால் உங்கள் லீவில் தீவுக்கென்று இரண்டு நாள்தான் மிஞ்சும். சென்னை வரை ரயில், அங்கிருந்து இரண்டே கால் மணி நேர விமானம் என்பதே உங்கள் பட்ஜெட்டுக்கும் லீவுக்கும் பொருந்தும். டிக்கெட் எடுக்கும்போது பெயர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஹேவ்லாக் 2018 முதல் சுவராஜ் த்வீப், நீல் தீவு ஷஹீத் த்வீப். போர்ட் பிளேர் 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம். ஊரில் எல்லோரும் இன்னும் பழைய பெயரையே சொல்கிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். முதல்முறை தீவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இடறுவது திரும்பும் நாளில்தான். ஹேவ்லாக்கில் காலை உணவு, பத்து மணிக்கு ஃபெர்ரி, மாலையில் விமானம் என்று மும்பை லோக்கலை நம்புவதுபோலத் திட்டம் போட்டுவிடுகிறார்கள். காற்று வலுத்தால் துறைமுக அதிகாரிகள் ஃபெர்ரியை நிறுத்திவிடுவார்கள். விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. அதனால் ஹேவ்லாக், நீல் இரண்டையும் முதலிலேயே முடித்துவிடுங்கள். விமானத்துக்கு முந்தைய முழு நாளையும் அன்றைய இரவையும் போர்ட் பிளேரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். செல்லுலர் சிறையை அந்த நாளுக்கு ஒதுக்கலாம். 1906-இல் கட்டி முடிக்கப்பட்டபோது ஏழு சிறகுகள், ஏறத்தாழ 700 தனிக் கொட்டடிகள். இன்று நிற்பவை மூன்று சிறகுகள்தான். ஒவ்வொரு சிறகின் முன்பக்கமும் அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள், ஒரு கைதி இன்னொருவர் முகத்தைக்கூடப் பார்த்துவிடக் கூடாது என்று. அவசரமாகச் சுற்றிவிட்டு வரக்கூடிய இடமல்ல அது. அரை நாளாவது கொடுங்கள்.

சூரியன் விஷயத்தில் மும்பைக்காரர்கள் ஏமாந்துபோவார்கள். கடிகாரம் ஒன்றுதான், ஆனால் அந்தமான் நமக்கு ஏறத்தாழ இருபது பாகை கிழக்கே இருக்கிறது. அதாவது சூரியக் கணக்கில் 80 நிமிட வித்தியாசம். ஜனவரியில் மாலை ஐந்தரைக்குள் இருட்டத் தொடங்கிவிடும். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டுமென்றால் நாலரைக்கே அங்கே இருங்கள். பதினோரு மணிக்கு எழுந்து ஊர் சுற்றலாம் என்பவர்களுக்கு அங்கே பாதிப் பகல்தான் கிடைக்கும். ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

இனி தோழி. பணப் பேச்சை ரயில் ஏறும் முன்பே பேசி முடியுங்கள். அறை, ஃபெர்ரி, ஆட்டோ, சாப்பாடு நான்குக்கும் பொதுவாக ஒரு தொகை போட்டு அதிலிருந்தே எடுங்கள். அறை வாடகையை உங்கள் வசதிக்கு ஏற்றபடி வையுங்கள். ஸ்கூபா அவள் செலவு, அவள் காலைப்பொழுது. அந்த நேரத்தில் நீங்கள் கரையோரத்தில் ஸ்நார்கெலிங் செய்யலாம். லைஃப் ஜாக்கெட் போட்டு, வழிகாட்டி கையைப் பிடித்துக்கொள்ள, முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்துப் பார்ப்பதற்கு நீச்சல் தேவையில்லை. அரை நாள் பிரிந்திருந்துவிட்டு இரவுச் சாப்பாட்டில் இருவரும் பார்த்ததைச் சொல்லிக்கொள்வது, ஒருத்தி விருப்பத்துக்காக இன்னொருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு வருவதைவிட எவ்வளவோ நல்லது. அவளுக்கு ஒரு எச்சரிக்கை: ஸ்கூபா செய்தபின் குறைந்தது 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் உயரத்தில் குமிழியாகி ஆபத்தாகலாம். ஆஸ்துமா, காது, சைனஸ் தொந்தரவு இருந்தால் மருத்துவப் படிவத்தில் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

பாராடங் சுண்ணாம்புக் குகைகளுக்கு ஏஜென்ட்டுகள் அழைப்பார்கள். அங்கே போகும் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டுக்குள் போகிறது. வண்டிகள் காவலோடு வரிசையாகப் போகவேண்டும். நிறுத்துவதும் படம் எடுப்பதும் குற்றம். என் கருத்தில் அந்த மக்களை அவர்கள்பாட்டுக்கு விட்டுவிட்டு அந்த நாளை நீல் தீவில் கழிப்பதே நியாயம்.

ஆதார் அட்டையின் அசல் கையில் இருக்கட்டும். சிறு தீவுகளில் இணையம் அடிக்கடி படுத்துவிடும், ஜிபேயை நம்பாமல் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மொழிக் கவலை வேண்டாம், அங்கே இந்தி எல்லோருக்கும் தெரியும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்களும் ஏறத்தாழ 15 விழுக்காடு. ஹலால் உணவு தேவையென்றால் அதுவும் எளிது. 1921 மலபார் கிளர்ச்சிக்குப்பின் அங்கே அனுப்பப்பட்ட மாப்பிள்ளைமாரின் சந்ததி இன்றும் தெற்கு அந்தமானில் இருக்கிறது.

அம்மாவின் பயத்தை வாதம் செய்து வெல்லப் பார்க்காதீர்கள். 2024 டிசம்பர் 18 அன்று கேட்வேயிலிருந்து எலிஃபண்டாவுக்குப் போன படகின்மீது கடற்படை விசைப்படகு மோதி 15 பேர் இறந்தார்கள். மும்பையில் அதைக் கேட்டுப் பதறாத தாய் இல்லை. படகில் பலர் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. அதன் பிறகுதான் அதைக் கட்டாயமாக்கினார்கள். அந்தமானில் சின்னப் படகு எதிலும் ஜாக்கெட் வாரை இறுக்கிக் கட்டாமல் ஏறமாட்டோம், மது அருந்திய படகோட்டியின் படகில் ஏறமாட்டோம், கொடி கட்டித் தடுத்த இடத்தில் கால் நனைக்கமாட்டோம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், சொன்னபடி நடங்கள். ராதாநகர் அருகே 2010-இல் ஒரு அமெரிக்கப் பெண்ணை முதலை கொன்றது. அதனால் லைஃப்கார்டின் விசிலுக்குக் காரணம் கேட்டு நிற்கக் கூடாது.

அந்தமான் கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழைக்காலம் முடிந்த பிறகு, கோவண்டியில் ஹார்பர் லைன் ஏறி டாக்யார்டு ரோட்டில் இறங்குங்கள். பக்கத்திலேயே பாவுச்சா தக்கா படகுத்துறை. அங்கிருந்து மாண்ட்வாவுக்கு ரோ-ரோ கப்பல், ஏறத்தாழ ஒரு மணி நேரம். உங்களுக்குக் கடல் குமட்டுமா என்று அங்கேயே தெரிந்துவிடும். குமட்டினால் அந்தமான் ஃபெர்ரிக்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ள டாக்டரிடம் கேட்டுவைக்கலாம். தோழியையும் கூட்டிக்கொள்ளுங்கள். அம்மா வருவார் என்றால் அவருக்கும் ஒரு டிக்கெட் எடுங்கள்.