கூரை இருக்கட்டும், முதலில் வாசலைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, நாங்கள் கிளிநொச்சி உருத்திரபுரத்தில் இருக்கிறோம். வீடு 1978இல் அப்பா கட்டியது, அப்போதே அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட கூரை. 2010இல் மீளக்குடியமர்ந்து வந்தபோது குசினிப் பக்கம் செல் விழுந்து சீற்றெல்லாம் நொறுங்கிக் கிடந்தது. பெரிய துண்டுகளைக் கோழிக்கூட்டுக்கும் கிணற்றடிக்கும் எடுத்தோம். சின்னத் துண்டுகளை மாரியில் சேறு படாமல் இருக்க வாசலில் பரவினோம். மிச்சக் கூரை இன்னும் ஒழுகாமல் இருக்கிறது. இப்போது கனடாவில் இருக்கும் மகன், புற்றுநோய் வரும், முழுக் கூரையையும் உடனே கழற்றுங்கள் என்று ஒவ்வொரு நாளும் சொல்கிறான். மேசனோ, இரண்டு நாளில் கழற்றி, நல்லதைக் கிறைண்டரால் வெட்டி மாட்டுக்கொட்டிலுக்குப் போட்டுத் தருகிறேன் என்கிறார். அந்தக் கூரைத் தண்ணீரைத்தான் மாரியில் தாங்கியில் பிடித்துக் குடிக்கிறோம். என்ன செய்வது?

பதில்: முதலில் மேசனை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் அம்மா. மகனின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் கேட்கும் அவசரம் கூரைக்குத் தேவையில்லை, வாசலுக்குத்தான் தேவை.

அஸ்பெஸ்டஸ் நார் நாராகப் பிரியும் ஒரு கனிமம். கூரை சீற்றில் பத்தில் ஒரு பங்களவு அந்த நார், மிச்சம் சீமெந்து. சீமெந்து இறுக்கிப் பிடித்திருக்கும் வரை நார் பெரிதாக வெளியே வராது. வெட்டினால், துளைத்தால், உடைத்தால், கம்பித் தூரிகையால் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத தூளாக எழும்பி மூச்சோடு உள்ளே போகும். போனது நுரையீரலில் கரையாமல் தங்கிவிடும். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. நுரையீரல், குரல்வளை, சூலகம் ஆகியவற்றில் வரும் புற்றுநோய்களும், நுரையீரலை மூடியிருக்கும் சவ்வில் வரும் மீசோதீலியோமாவும் அதில் அடங்கும். நோய் வெளியே தெரிய 20 முதல் 40 வருடங்கள்கூட எடுக்கும். அதனால்தான் கிறைண்டர் பிடிக்கும் மேசன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார்.

உங்கள் சீற் உண்மையில் அஸ்பெஸ்டஸ்தானா என்பதைக் கண்ணால் பார்த்து எவரும் சொல்ல முடியாது. அதற்கு ஆய்வுகூடத்தில் நுண்ணோக்கி வேண்டும். ஆனால் 1978இல் போட்ட சாம்பல் நிற நெளி சீற்றுக்குப் பரிசோதனைக் காசு செலவழிக்க வேண்டியதில்லை, அஸ்பெஸ்டஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஒரு சங்கதி உண்டு. மிக மோசமான வகை என்று சொல்லப்படும் நீல அஸ்பெஸ்டஸை இலங்கை 1987இல்தான் தடைசெய்தது. உங்கள் வீடு அதற்கு முந்தியது. இன்றைய சீற்றில் இருப்பது வெள்ளை வகை. உங்கள் பழைய சீற்றில் எது கலந்திருக்கிறதோ, அதனால் கொஞ்சம் கூடுதலாகவே பயப்படுவது நல்லது.

மகன் இருக்கும் கனடா ஒரு காலத்தில் உலகத்துக்கே அஸ்பெஸ்டஸ் தோண்டிக் கொடுத்த நாடு. கியூபெக்கில் அஸ்பெஸ்டஸ் என்றே பெயர் வைத்த ஊர் இருந்தது, 2020இல்தான் பெயரை மாற்றிக்கொண்டார்கள். 2018 முடிவில் கனடா அதைத் தடைசெய்தது. இலங்கையும் 2018 ஜனவரியிலிருந்து இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்போவதாக அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யாவுக்குப் போன தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. நமக்கு அஸ்பெஸ்டஸ் அனுப்பும் பெரிய நாடும் அதுதான். சில நாட்களுக்குள் கொழும்பு அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது, தேயிலைக்கும் கதவு திறந்தது. வண்டு எவ்வளவு பெரியதோ தெரியாது, வேலை பெரிதாகத்தான் செய்திருக்கிறது. ஆகவே மகனுடைய ஊரில் நடப்பதுபோல் உரிமம் பெற்றவர்கள் முழு உடுப்போடு வந்து கழற்றிக்கொண்டு போவார்கள் என்று இங்கே எதிர்பார்க்க முடியாது. இருப்பதை வைத்துக் கவனமாகச் செய்ய வேண்டும்.

வாசலுக்கு வருவோம். 2010இல் பரவிய துண்டுகள் இப்போது எப்படி இருக்கின்றன என்று குனிந்து பாருங்கள். மோட்டார்சைக்கிள் சில்லு ஏறி இறங்கும் தடத்தில் அவை மாவாகியிருக்கும், ஓரத்தில் கிடப்பவற்றின் உடைந்த விளிம்பில் வெள்ளை மயிர்போல நார் நீட்டிக்கொண்டு நிற்கும். சித்திரை வெயிலில் காய்ந்து, வைகாசியில் சோளகம் பிடித்தால் அந்த மாவுதான் விறாந்தை முழுவதும் பறக்கிறது. பிள்ளைகள் விளையாடும் இடமும் அதுதானே? உங்கள் வீட்டில் மூச்சோடு உள்ளே போகிற நார் கூரையிலிருந்து வருவதைவிட இங்கிருந்து வருவதுதான் அதிகம்.

காற்றில்லாத ஒரு காலையைத் தெரிவு செய்யுங்கள். மாசி, பங்குனி நல்லது. பிள்ளைகளை அக்கம்பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் கலந்த தண்ணீரைப் பூவாளியால் தெளித்து நிலத்தை ஊற வையுங்கள், அந்தத் திரவம் தண்ணீரை நாருக்குள் இறங்க வைக்கும். பிறகு துண்டுகளைக் கையால் பொறுக்குங்கள். விளக்குமாறு பிடிக்காதீர்கள், வாரியும் இழுக்காதீர்கள். கொவிட் காலத்து நீல முகக்கவசமோ முகத்தில் கட்டும் சால்வையோ இதற்குப் பயன்படாது. பி100 அல்லது எஃப்எஃப்பி3 என்று அச்சிட்ட முகக்கவசம் வேண்டும், அதுவும் முகத்தில் இறுகப் படிய வேண்டும். தாடி வைத்தவருக்கு எந்தக் கவசமும் படியாது, அவரைத் தண்ணீர் தெளிக்க விடுங்கள். பொறுக்க முடியாத பொடியின் மேல் கிரவல் மண்ணைத் தடிப்பாகப் பரவி நன்றாக அமத்திவிட்டால் போதும், எல்லாவற்றையும் கிளறத் தேவையில்லை. வேலை முடிந்ததும் உடுப்பைக் கிணற்றடியிலேயே கழற்றி, வீட்டாரின் உடுப்போடு சேர்க்காமல் தனியாக அலசுங்கள். உடுப்பில் வீட்டுக்கு வந்த தூளால் மனைவி, பிள்ளைகளுக்கு நோய் வந்த கதைகள் வெளிநாட்டுத் தொழிற்சாலைத் தொழிலாளர் குடும்பங்களில் நிறைய உண்டு.

கிணற்றடித் துண்டில் துணி தேய்த்துத் துவைக்கிறீர்கள் என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். கோழிக்கூட்டுச் சீற் முழுதாக, ஆடாமல் இருந்தால் இப்போதைக்கு இருக்கட்டும். இன்னொன்று, நீங்கள் எழுதவில்லை, ஆனால் எங்கள் பக்கம் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்: அடுப்புக்குக் காற்று மறைப்பாக ஒரு துண்டை நிறுத்தியிருப்பார்கள். நெருப்புச் சூட்டில் இந்த சீற் வெடித்துச் சிதறும். இன்றைக்கே எடுங்கள்.

இனிக் கூரை. உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள், மேலே ஏற வேண்டாம். பழைய சீற்றில் கால் வைத்தவர் ஊடாக விழுந்து இடுப்பை முறிப்பது, புற்றுநோய் வருவதைவிட எவ்வளவோ விரைவாக நடந்துவிடும். வெடிப்பு இல்லை, விளிம்பு உதிரவில்லை, ஒழுக்கு இல்லை என்றால் அந்தக் கூரைக்குக் கீழே படுத்தெழும்புவதால் வரும் ஆபத்து மிகக் குறைவு. ஒழுகாத கூரையை இந்த வருடம் கழற்றாதீர்கள். மேலே பாசி பிடித்தால் பிடிக்கட்டும், உரசவோ அழுத்தத் தண்ணீர் அடிக்கவோ கூடாது. மின்விசிறி தொங்கவிட சீற்றில் துளை போடவும் கூடாது, கைமரத்தில் கொக்கி போடுங்கள்.

ஒரு நாள் மாற்றத்தான் வேண்டும். ஓடு என்றால் பாரம் கூட, கைமரத்தையும் சலாகையையும் பார்த்துத் தீர்மானியுங்கள். தகரமும் சின்க் அலுமினிய சீற்றும் வன்னி வெயிலுக்கு அடுப்பு, கீழே சீலிங் அடிக்காமல் முடியாது. கழற்றும் மேசனுக்கு நிபந்தனை ஒன்றுதான்: நனைத்து, ஆணியை எடுத்து, முழுச் சீற்றாகக் கையில் வாங்கி இறக்க வேண்டும். துருப்பிடித்த ஆணியைக் கைவாளால் அறுக்கட்டும். மேலிருந்து எறிவதோ கிறைண்டரோ என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

கழற்றியதை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்று சுற்றி, ஒட்டி, மேலே அஸ்பெஸ்டஸ் என்று எழுதி வையுங்கள். சாதாரணக் குப்பையோடு போடவோ எரிக்கவோ கூடாது. பிரதேச சபையிடமும் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் எங்கே கொடுப்பது என்று கேளுங்கள். அவர்கள் உங்கள் காணியிலேயே புதைக்கச் சொன்னால், கிணற்றுக்கும் வெள்ளம் நிற்கும் பள்ளத்துக்கும் தூரமாக, பிறகு எவரும் அத்திவாரம் வெட்டாத மூலையில் ஆழமாகப் புதையுங்கள். கிடங்கு வெட்டும்போது சந்தேகமான இரும்பு எதுவும் தட்டுப்பட்டால் மண்வெட்டியை விட்டுவிட்டுப் பொலிசுக்கு அறிவியுங்கள். கண்ணிவெடி அகற்றிய காணி என்ற பலகை இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

தண்ணீரைப் பற்றிப் பயம் வேண்டாம். மூச்சில் போகும் நாருக்கு இருக்கும் உறுதியான சான்று குடிக்கும் நாருக்கு இல்லை. அதனால் உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு அஸ்பெஸ்டஸ் அளவு எதையும் விதிக்கவில்லை. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். பீலியில் சேரும் கசடு காயுமுன் ஈரமாகவே அள்ளுங்கள். சிறுநீரக நோய் பரவியிருக்கும் வவுனியாப் பக்கம் கிணற்றுத் தண்ணீரைவிட மழைத் தண்ணீரை நம்பிக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அஸ்பெஸ்டஸுக்குப் பயந்து அதை நிறுத்த நான் சொல்லமாட்டேன்.

2010இல் அந்தத் துண்டுகளை அள்ளியது உங்களை உறுத்தக்கூடும். தீவிர நோய் பெரும்பாலும் வருடக்கணக்காகத் தூளில் வேலை செய்தவர்களுக்கே வருகிறது. சில நாள் அள்ளியதால் வரும் ஆபத்து சிறியது, இருமலோ மூச்சிரைப்போ இல்லாமல் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதில் பயனும் இல்லை. வீட்டில் எவராவது பீடி, சுருட்டுப் பிடித்தால் அதை நிறுத்துங்கள், புகையும் அஸ்பெஸ்டஸும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்காகும். மருத்துவரிடம் எதற்குப் போனாலும் இந்தத் தூள் கதையையும் சொல்லி வையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சீற் கழற்றினீர்கள் என்று தெரிந்ததும், மாட்டுக்கொட்டிலுக்குத் தாருங்கள் அக்கா என்று யாராவது வந்து நிற்பார்கள். கொடுக்காதீர்கள். உங்கள் தெருவில் செல்பட்ட கூரை உங்களுடையது மட்டுமாக இருக்காது, பத்து வீட்டார் சேர்ந்து கையெழுத்து வைத்து, இந்தத் துண்டுகளை ஒரே இடத்தில் சேர்க்க வழி செய்யுங்கள் என்று பிரதேச சபைக்கு எழுதிக் கொடுங்கள்.