சவர சோப்பு: ஒரு முகத்துக்கு ஒன்று

தாராவியில் காலையில் குழாய்த் தண்ணீர் வரும் நேரம் குறைவு. அதற்குள் குடம் நிரப்ப வேண்டும். குளிக்க வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். இதற்கு நடுவே வீட்டு ஆண்கள் சவரம் செய்ய வேண்டும். கண்ணாடி ஒன்றுதான். ஆள் நாலு பேர்.

சவரத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? நுரை எழுப்பவும் பிளேடை அலசவும் ஒரு டம்ளர் போதும். கடைசியில் முகம் கழுவ ஒரு சொம்பு. நுரை கலக்கத் தனிக் கிண்ணம் தேவையில்லை. கட்டி சோப்பை நேராக முகத்திலேயே தேய்க்கலாம்.

நம் வகுப்புக்கு வருபவர்களில் பெண்களே அதிகம். "இந்தப் பாடம் எங்களுக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள். பல வீடுகளில் சோப்பு வாங்குவது நீங்கள்தான். படுக்கையில் கிடக்கும் மாமனாருக்கோ அப்பாவுக்கோ சவரம் செய்து விடுவதும் பல நேரம் நீங்கள்தான். அதற்கு இந்த முறை மிகவும் ஏற்றது. தண்ணீர் ஒழுகாது. பாயும் தலையணையும் நனையாது.

கட்டி சவர சோப்பு இரண்டு வடிவத்தில் வரும். ஒன்று வட்டம். இன்னொன்று விரல் நீளக் குச்சி. துருக்கி நாட்டில் 'ஆர்கோ' என்ற குச்சி சோப்பு பெயர் பெற்றது. அதை நேராகத் தாடியில்தான் தேய்ப்பார்கள். வட்ட சோப்பையும் கையில் எடுத்து அப்படியே தேய்க்கலாம்.

செய்யும் விதத்தைப் பார்ப்போம். முதலில் தாடியை நன்றாக நனையுங்கள். வெந்நீர் இருந்தால் நல்லது. ஈரத்துணியை முகத்தில் இரண்டு நிமிடம் வைத்தாலும் போதும். முடி தண்ணீரைக் குடிக்கும். ஊறிய முடி மெதுவாகும். மெதுவான முடியை பிளேடு எளிதாக வெட்டும். இந்த இரண்டு நிமிடத்தை விட்டுவிட்டு, "பிளேடு சரியில்லை" என்று பிளேடைத் திட்டுபவர்கள் நிறைய.

பிறகு சோப்பின் நுனியை நனைத்து முகத்தில் தேய்க்க வேண்டும். முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, அதற்கு எதிர்ப் பக்கமாகத் தேய்க்க வேண்டும். தேங்காய்த் துருவி தேங்காயைத் துருவுகிறது அல்லவா? அதுபோல் தாடி முடி சோப்பைத் துருவி எடுத்துக்கொள்ளும். முகம் முழுவதும் வெள்ளையாக, பிசுபிசுப்பாக ஒரு பூச்சு தெரியும். அது போதும். அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

இப்போது பிரஷ். அதை நனைத்து ஒரு முறை உதறுங்கள். ஈரம் பாதி இருக்கட்டும். பூச்சின் மேல் வட்டமாகச் சுற்றுங்கள். நுரை காய்ந்தால் பிரஷ் நுனியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தொடுங்கள். ஒரு நிமிடத்தில் நுரை கெட்டித் தயிர் போல் ஆகும். பெரிய குமிழி தெரிந்தால் தண்ணீர் அதிகம். இன்னும் கொஞ்சம் சோப்பு தேய்க்கலாம்.

ரேசரை முடி சாய்ந்த பக்கமாகவே இழுங்கள். அழுத்த வேண்டாம். நுரை போன இடத்தில் மறுபடி இழுக்கக் கூடாது. நுரை தொட்டுவிட்டு இழுங்கள். படுத்திருக்கும் பெரியவருக்குக் கன்னத்தின் தோல் தொங்கும். ஒரு கை விரலால் தோலை மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சவரம் செய்யுங்கள். முகப்பருவோ புண்ணோ இருக்கும் இடத்தில் கட்டியைத் தேய்க்காதீர்கள். நுரையை மட்டும் விரலால் தடவுங்கள்.

குளிக்கும் சோப்பு ஆகாதா? அவசரத்துக்கு ஆகும். ஆனால் அதன் நுரை சீக்கிரம் வடிந்துவிடும். சவர சோப்பில் ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்புப் பொருள் அதிகம். அதனால் நுரை கெட்டியாக நிற்கும். பொட்டாஷ் காரமும் சேர்ப்பார்கள். அதனால் கட்டி எளிதில் கரையும். தண்ணீரையும் கவனியுங்கள். மும்பை மாநகராட்சிக் குழாயில் வருவது தான்சா, வைதர்ணா, பாட்சா போன்ற ஏரிகளின் தண்ணீர். அதில் நுரை நன்றாக வரும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் நுரை திரிந்து போகும். சவரத்துக்கென்று ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரை எடுத்து வையுங்கள்.

மும்பைக்கும் சோப்புக்கும் பழைய உறவு உண்டு. அர்தேஷிர் கோத்ரெஜ் என்பவர் 1897-இல் இங்கே பூட்டு செய்யத் தொடங்கினார். அவருடைய நிறுவனம் 1918-இல் மிருகக் கொழுப்பு சேர்க்காமல் தாவர எண்ணெயில் ஒரு சோப்பு செய்தது. அதன் பெயர் 'சாவி'. பூட்டுக்காரர் செய்த சோப்புக்குப் பொருத்தமான பெயர்தான். தமிழிலும் சாவி, மராத்தியிலும் சாவி. பின்னாளில் அந்த நிறுவனம் வட்டமான சவர சோப்பும் செய்தது.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். முகத்தில் நேராகத் தேய்க்கும் சோப்பு ஒருவருக்கு மட்டுமே. அப்பாவுக்கும் மகனுக்கும் கூட ஒரே கட்டி கூடாது. ஒருவர் முகத்தில் படர்தாமரை இருக்கலாம். சீழ்ப் பரு இருக்கலாம். கட்டி வழியாக அது அடுத்தவர் முகத்துக்குப் போகலாம். முதல் உலகப் போர் நடந்த காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சவர பிரஷ் மூலம் அடைப்பான் நோய் வந்தது. சிலர் இறந்தே போனார்கள். அந்த பிரஷ்கள் சுத்தம் செய்யாத குதிரை முடியில் செய்தவை.

பிளேடு இன்னும் ஆபத்தானது. அது இரத்தத்தைத் தொடும். ஹெபடைட்டிஸ் பி என்பது கல்லீரலைக் கெடுக்கும் காமாலை நோய். இரத்தத்தின் வழியே பரவும். அதன் கிருமி உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தத்திலும் 7 நாள் உயிரோடு இருக்கும். கண்ணுக்கு இரத்தக் கறையே தெரியாமலும் இருக்கலாம். இந்த நோய்க்குத் தடுப்பூசி உண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். எச்.ஐ.வி. கிருமியும் இரத்தத்தின் வழியே பரவுவதுதான். அதனால் ஒருவர் பிளேடை இன்னொருவர் தொடவே கூடாது.

"நாலு பேருக்கு நாலு சோப்பா? யாரால் முடியும்?" என்று கேட்கலாம். நாலு வாங்க வேண்டாம். ஒரு வட்ட சோப்பை வாங்கிக் கத்தியால் நாலாக வெட்டுங்கள். ஆளுக்கு ஒரு சிறிய டப்பா. மூடியின் மேல் பெயரை எழுதுங்கள். எழுதத்தான் கற்றுக்கொண்டீர்களே! டப்பாவின் அடியில் ஓட்டை போட்டால் தண்ணீர் வடிந்துவிடும். சோப்பு ஊறிக் கரையாது. மும்பை மழைக்காலத்தில் இது மிகவும் அவசியம்.

சலூனுக்குப் போனால் என்ன செய்வது? மாட்டுங்காவோ செம்பூரோ, எந்தக் கடையானாலும் உறை பிரிக்காத புது பிளேடை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் இந்திக்காரர் என்றால், "பையா, நயா பிளேட் லகாவோ" என்று சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம். நல்ல கடைக்காரர் கோபப்பட மாட்டார். முடிந்தால் உங்கள் சோப்பையும் பிரஷையும் கொண்டு போங்கள். சவரம் முடிந்ததும் படிகாரக் கட்டியைத் தேய்க்க வருவார்கள். எல்லோர் முகத்திலும் தேய்த்த கட்டி அது. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பழைய பிளேடைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள். தாராவி 13 காம்பவுண்டில் பழைய பொருள்களைக் கையால் பிரிக்கிறார்கள். அந்தக் கைகள் நம் அக்கம்பக்கத்தவர் கைகள். ஒரு தகர டப்பாவின் மூடியில் நீளமாகக் கீறல் போடுங்கள். பிளேடை அதற்குள் போடுங்கள். டப்பா நிறைந்ததும் மூடியை ஒட்டி, மேலே 'பிளேடு' என்று எழுதிக் கொடுங்கள்.

பயிற்சி

சோப்பு உறையில் இங்கிலீஷும் இந்தியும்தான் இருக்கும். பயப்பட வேண்டாம். எண்கள் உங்களுக்குத் தெரியும். உறையைப் பார்த்து எழுதுங்கள்.

விலை: ______ ரூபாய்
எடை: ______ கிராம்
செய்த மாதம், ஆண்டு: ______

ஒரு சோப்பின் விலை 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அது 60 நாள் வந்தால் ஒரு நாள் செலவு எத்தனை பைசா? 75 நாள் வந்தால் எத்தனை பைசா? கணக்குப் போட்டு வகுப்பில் சொல்லுங்கள்.