காட்டுயிர் காக்கும் பணி

“மயில் நமது தேசியப் பறவை” என்று வகுப்பில் படிக்கிறோம். மாலையில் வீட்டிற்குச் சென்றால், “விதைத்த மக்காச்சோளத்தை மயில் கொத்திவிட்டது, முளைத்ததைக் காட்டுப்பன்றி உழப்பிவிட்டது” என்று அப்பா வருந்துவதைக் கேட்கிறோம். இரண்டும் உண்மையே. இவ்விரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துப் பணிபுரிபவரே வனவிலங்குப் பாதுகாப்பு அலுவலர்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. மயிலைக் கொல்வது அச்சட்டப்படி குற்றம். ஆனால் காரியாபட்டிப் பக்கத்துப் புஞ்சைகளில் வரப்புக்கு ஒரு காவலரை நிறுத்த முடியுமா? சட்டத்தைக் காட்டி அச்சுறுத்தினால் உழவர் பகையாவார். ஆகவே அலுவலர் முதலில் சேதத்தை நேரில் பார்க்க வேண்டும். விதிப்படி கிடைக்கும் இழப்பீட்டுக்கு வழிசொல்ல வேண்டும். பொறுமையாகக் கேட்க வேண்டும்.

மக்கள் மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியே சான்று. அங்குள்ள கண்மாய்கள் 1977இல் பறவைகள் சரணாலயமாயின. நத்தைக்குத்தி நாரைகளும் கொக்குகளும் அங்கே கூடு கட்டுகின்றன. குஞ்சுகள் அஞ்சுமே என்று அவ்வூரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. வனத்துறையினர் அவர்களுக்கு இனிப்பு வழங்கி நன்றி கூறுகின்றனர்.

இத்தகைய நல்மனம் எல்லா இடத்திலும் தானாக அமைவதில்லை. தேக்கடிக் காட்டில் சிலர் பிழைப்புக்காக மரப்பட்டை உரித்துத் திருட்டுத்தனமாக விற்றுவந்தனர். 1990களின் பிற்பகுதியில் வனத்துறையினர் அவர்களோடு பேசி, பயணிகளுக்கு வழிகாட்டும் வேலையும் காவல் வேலையும் தந்தனர். காட்டின் மூலைமுடுக்கெல்லாம் அறிந்தவரைவிடச் சிறந்த காவலர் யார்?

தோழியரே! இப்பணிக்கு வர விரும்புவோர் மேல்நிலை வகுப்பில் அறிவியல் பாடங்களை எடுக்கலாம். பின்னர் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் வனவியலோ, மற்றக் கல்லூரிகளில் விலங்கியல், தாவரவியலோ பயிலலாம். பட்டம் பெற்றபின் இந்திய வனப்பணித் தேர்வு எழுதலாம். 1980இல் பெண்கள் முதன்முதலாக அப்பணியில் சேர்ந்தனர். பணியிடமும் தொலைவில் இல்லை. நம் விருதுநகர் மாவட்டத்துத் திருவில்லிபுத்தூரில் 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கெனச் சரணாலயம் அமைந்தது. 2021இல் அது மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று.

விலங்கின் பழக்கத்தைப் புத்தகத்தில் படித்துவிடலாம். விளைச்சலை இழந்தவரின் துயரை எங்கே படிப்பது? புஞ்சைக்காட்டில் பிறந்த நமக்கு அப்பாடம் வீட்டிலேயே கிடைத்திருக்கிறது. அதுவே இப்பணிக்கு நம் முதல் தகுதி அல்லவா?