ஓடும் நிலத்துக்கு உகந்த கடிகாரம்

சித்தூரின் புறவழிகளில் மாந்தோப்புகளுக்கிடையே விடியற்காலையில் ஓடிப் பழகுகிறவருக்கும், திருப்பதியில் சேஷாசல மலையடிவாரத்தில் ஓடிவிட்டு, வாரம் ஒருமுறை திருமலைப் படிகளிலும் ஏறித் தேகத்தைத் திடப்படுத்திக்கொள்கிறவருக்கும் ஒரே ஜி.பி.எஸ். கடிகாரம் உகந்ததாக இராது. விலையையும் விளம்பரத்தையும் பாராமல், தாம் நித்தியம் ஓடுகிற நிலத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே விவேகம்.

ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் செயற்கைக்கோள்களுள் குறைந்தது நான்கின் சமிக்ஞைகளைப் பெற்று, அவை வந்து சேர்வதற்கான காலத்தைக் கொண்டு நாம் நிற்கும் இடத்தைக் கணிப்பதே இக்கருவியின் சூட்சுமம். ஆகவே வானம் எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவுக்குக் கணக்கும் சுத்தமாயிருக்கும்.

முதல் மூன்று மாதங்கள் ஓடிப் பழகுகிறவருக்குக் கைப்பேசியே போதும். தூரத்தையும் வேகத்தையும் அதுவே குறித்துவிடும். வியர்வை வழிய அதைச் சுமந்து ஓடுவதும், வேகத்தைக் கண நேரத்தில் பார்க்க இயலாமையுமே அதன் குறைகள்.

ஓட்டம் பழக்கமாகிவிட்ட பின், கார்மின் போர்ரன்னர் 55 போன்ற ஆரம்ப நிலைக் கடிகாரத்தை வாங்கலாம். அது செயற்கைக்கோள் சமிக்ஞையை ஒற்றை அலைவரிசையிலேயே ஏற்கும், உயரத்தை அளக்கும் காற்றழுத்தமானி அதில் இல்லை; ஆயினும் வானம் திறந்த சித்தூர்ச் சாலைகளில், கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம் என்று பார்த்து ஓடுவதற்கும், இடைவெளிவிட்டு விரைந்தோடும் பயிற்சிக்கும் அதற்கு மேல் ஒன்றும் அவசியமில்லை.

மலைக்குச் செல்கிறவரின் நிலைமை வேறு. பாறைகளிலும் மரங்களிலும் பட்டுத் திரும்பும் சமிக்ஞைகளால் உண்டாகும் பிசகை, எல்1, எல்5 என்ற இரு அலைவரிசைகளையும் ஏற்கும் போர்ரன்னர் 265, கோரோஸ் பேஸ் 3 முதலிய கடிகாரங்கள் பெரிதும் குறைக்கின்றன. செயற்கைக்கோள் வழியே கணிக்கும் உயரம், தூரத்தைக் காட்டிலும் அதிகமாகப் பிசகும் இயல்புடையது; ஏறத்தாழ எட்டு மீட்டர் ஏறினால் ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் குறையும் என்ற நியதியால் உயரத்தை அறியும் காற்றழுத்தமானி இவ்விரண்டிலும் உண்டு. திருமலைக்கு ஏறும் நடைவழிகளான ஸ்ரீவாரி மெட்டின் 2,388 படிகளிலோ, கூரை வேய்ந்த அலிபிரி வழியின் 3,550 படிகளிலோ வேக எண்ணை நம்பாமல், ஏறிய உயரத்தையும் இருதயத் துடிப்பையுமே அளவாகக் கொள்ளவேண்டும். துடிப்பை அறிய மணிக்கட்டைவிட மார்புப் பட்டையே நம்பகமானது. யாத்ரீகர்கள் பக்தியோடு ஏறும் வழியாதலால், அங்கே ஓடாமல் விரைந்து நடப்பதே மரியாதை.

திருப்பதி மாவட்டத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 மே 29இல் ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01, நமது நாட்டின் சொந்த இடங்காட்டி அமைப்பான நாவிக்கில் எல்1 சமிக்ஞையைத் தரும் முதற் செயற்கைக்கோளாயிற்று. கடிகாரத்தில் நாவிக் வசதி இருப்பது நமக்குப் பெருமையே. எனினும் அது ஒன்றுக்காகவே அதிக விலை கொடுக்கவேண்டியதில்லை.

ஆகவே தொடக்கத்தில் கைப்பேசி, சமவெளிக்கு எளிய கடிகாரம், மலைக்கு இரட்டை அலைவரிசையும் அழுத்தமானியும் உடையது என்பதே என் தீர்ப்பு. எதை வாங்கினாலும் முதல் வாரத்திலேயே மைதானத்தின் 400 மீட்டர் ஓடுதளத்தில், உள்வரிசையில் பத்துச் சுற்று ஓடிப் பாருங்கள். நான்கு கிலோமீட்டருக்கு அது எவ்வளவு கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, அதன்பின் அதன் சொல்லை நம்புங்கள்.